விரலை நீட்டுங்க, மாஸ்டர்

புறங்கையில் கட்டி என்று எங்கள் கை அறுவைப் பிரிவுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு இருப்பது கேங்க்லியான்தான். ஊர்ப்பக்கம் நரம்புக்கட்டி என்பார்கள். மணிக்கட்டு மூட்டின் உறையிலிருந்து பிதுங்கி வந்து, பிசுபிசுப்பான திரவத்தை உள்ளே தேக்கிக்கொண்டு நிற்கும். வலி இல்லையென்றால் விட்டுவிடலாம். ஊசியால் உறிஞ்சினால் வற்றும், பெரும்பாலும் திரும்ப வரும். அறுத்தும் எடுக்கலாம். பயிற்சி மருத்துவர்கள் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். அந்தச் சுலபம்தான் வினை. புறங்கையில் எது புடைத்தாலும் கேங்க்லியான் என்று சீட்டில் எழுதிவிடுகிற பழக்கம் நம் தொழிலில் ஊறிப்போய்விட்டது.

நெடுஞ்சாலை ஓட்டல் ஒன்றில் பரோட்டா போடும் மாஸ்டர் ஒருவர் அப்படியொரு சீட்டோடு வந்தார். வலது புறங்கையில், ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் போகும் தசைநாண்களுக்கு நடுவே, நீளவாக்கில் ஒரு மேடு. ஏற்கெனவே வேறொரு மருத்துவமனையில் ஊசி குத்தி உறிஞ்சிப் பார்த்திருக்கிறார்கள்.

"ஒண்ணும் வரல சார். ரத்தம்தான் வந்துச்சு. அன்னைக்கு ராத்திரி பூரா கடுத்துக்கிட்டே கெடந்துச்சு."

"எப்ப வலிக்குது?"

"மாவு பிசையும்போதுதான். வீசும்போது அவ்வளவா இல்ல. பிசைஞ்சு முடிச்சா கட்டி பெருசாயிடும், மறுநா காலைல பாத்தா அமுங்கிக் கெடக்கும்."

வேலைக்குப் பிறகு பெருத்து, ஓய்வில் அமுங்குவது கேங்க்லியானுக்கும் உண்டு. அதை மட்டும் வைத்து முடிவு செய்துவிட முடியாது. ஆனால் மேடு இருந்த இடம் இடித்தது. கேங்க்லியான் வழக்கமாக மணிக்கட்டு மடியும் கோட்டை ஒட்டி உட்காரும். இது அதைத் தாண்டி உள்ளங்கை எலும்புகளின் முதுகில் படுத்திருந்தது. திரவம் வராமல் ரத்தம் வந்ததும் சரியாகப் படவில்லை.

கையை மேசைமேல் குப்புற வைக்கச் சொன்னேன். மணிக்கட்டை விளிம்பில் லேசாகக் கீழ்நோக்கித் தொங்கவிட்டு, அவருடைய விரல்களை என் வலது கையால் மேலிருந்து அழுத்திக்கொண்டேன். இடது கட்டைவிரலை மேட்டின்மேல் வைத்துக்கொண்டேன்.

"விரலை நீட்டுங்க, மாஸ்டர். நான் அழுத்துவேன், நீங்க விட்டுக் குடுக்காதீங்க."

அவர் முறுக்கிய மாத்திரத்தில் என் கட்டைவிரலின் அடியில் அது இறுகியது. நீளம் குறைந்து, திரண்டு, மணிக்கட்டுப் பக்கமாக ஏறியது. தளர்த்தச் சொன்னேன். மெத்தென்று அடங்கிவிட்டது. மறுபடி முறுக்கச் சொன்னபோது அவரே மற்ற கையால் தொட்டுப் பார்த்துவிட்டு, "உசுரோட இருக்கு சார்" என்றார். கட்டிக்கு இந்த வித்தை வராது. சுருங்கி விரிவது தசை மட்டும்தான்.

சந்தேகம் தீர அறையை இருட்டாக்கி டார்ச்சைப் பக்கவாட்டில் வைத்துப் பார்த்தோம். கேங்க்லியானாக இருந்தால் ஒளி ஊடுருவி உள்ளே சிவந்து தெரியும். இங்கே இருட்டாகவே இருந்தது. பிறகு அல்ட்ராசவுண்ட். அதையும் கை அசையாமல் கிடக்கும்போது எடுத்தால் பாதிப் பயன்தான். ஸ்கேன் முனையை வைத்துக்கொண்டே விரலை நீட்டச் சொல்ல வேண்டும். இழை இழையாகத் தெரியும் தசை, திரையில் நம் கண்ணெதிரே தடிக்கும். எம்.ஆர்.ஐ. எடுக்கலாமே என்று உடனிருந்த இளம் மருத்துவர் கேட்டார். ஆழத்தில் இருக்கிற புடைப்பு, அசைவில் மாறாத புடைப்பு, வேகமாக வளர்கிற புடைப்பு என்றால் எடுத்தே ஆக வேண்டும். இவருக்கு அந்தச் செலவை வைக்க எனக்கு மனமில்லை. பரிசோதனை மேசையிலேயே பதில் கிடைத்துவிட்டது.

இந்தத் தசைக்கு எக்ஸ்டென்சர் டிஜிடோரம் பிரெவிஸ் மானஸ் என்று நீளமான பெயர். லெய்டன் நகரில் உடற்கூறியல் கற்பித்த ஆல்பினஸ் 1734-இலேயே இதை எழுதிவைத்துவிட்டார். நூறு கைகளில் இரண்டு மூன்றில் இருக்கும். 1987-இல் ஜப்பானிய மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வில், அறுத்துப் பார்த்த 559 கைகளில் 17-இல் இருந்தது. ஆக, ஒரு பேருந்து நிறைய ஆட்கள் போனால் அதில் ஓரிருவர் இதைச் சுமந்துகொண்டு போகிறார்கள். அவர்களில் பலருக்கு இருப்பதே தெரியாது.

எங்கிருந்து வந்தது இது? இதன் உடன்பிறப்பு நம் ஒவ்வொருவர் பாதத்திலும் இருக்கிறது. செருப்பைக் கழற்றிவிட்டுக் கால்விரல்களை மேலே தூக்கிப் பாருங்கள். வெளிக்கணுக்காலுக்குச் சற்று முன்னால் மெத்தென்று ஒரு மேடு எழும்பும். விரல்களை நீட்டும் குட்டைத் தசை அது. தவளை, பல்லி முதலியவற்றுக்கு முன்னங்காலிலும் இத்தகைய குட்டைத் தசைகள் உண்டு. மனிதக் கையில் விரல்களை நீட்டும் தசைகள் எல்லாம் முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே குடியேறிவிட, புறங்கைக்கு வெறும் தசைநாண்கள்தாம் வந்து சேர்கின்றன. புறங்கை மெலிந்து, விரல்கள் லாவகமாக ஓடுவது அதனால்தான். சிலர் கையில் மட்டும் பழைய தசை ஒன்று இடம் பெயராமல் தங்கிவிடுகிறது.

தங்கியிருப்பது தப்பில்லை. வலி எப்படி வருகிறது என்பதுதான் பார்க்க வேண்டியது. கைக்கடிகாரம் கட்டும் இடத்தில், தசைநாண்கள் துள்ளி எழாமல் அமுக்கிப் பிடிக்க ஒரு பட்டை இருக்கிறது. ரெட்டினாகுலம் என்போம். இந்தத் தசை அந்தப் பட்டைக்கு அடியில் தொடங்கி வெளியே வருகிறது. உள்ளங்கையை ஊன்றி, மணிக்கட்டைப் பின்னால் மடக்கி, கிலோக்கணக்கில் மைதாவை மணிக்கணக்காகப் பிசையும்போது தசையில் ரத்தம் பாய்ந்து பருக்கிறது. விருந்துச் சாப்பாட்டுக்குப் பிறகு பெல்ட் வயிற்றை அறுப்பது போல, பட்டையின் விளிம்பு அதை அறுக்கிறது. வீசும்போது வலி குறைவு, பிசையும்போது அதிகம் என்று மாஸ்டர் சொன்னதன் சூட்சுமம் அதுதான்.

முதலில் கத்தி எடுக்கவில்லை. இது நோயில்லை, புற்றும் இல்லை என்று சொல்லிப் புரியவைப்பதே பலருக்குப் போதுமான சிகிச்சை. பயம் போனால் பாதி வலி போய்விடுகிறது. இவருக்கு மணிக்கட்டை அசையாமல் தாங்கும் ஸ்ப்ளிண்ட் போட்டு, பிசையும் வேலையைச் சில வாரம் வேறு ஆளிடம் விடச் சொன்னோம். ஓட்டல் முதலாளி அதற்கு ஒத்துக்கொண்டது ஆச்சரியம். வலி நின்றது. திரும்பப் பிசைய ஆரம்பித்ததும் வலியும் திரும்பியது. பிழைப்பே அதுதான் என்றாகிறபோது, "வேலையை மாத்திக்கோங்க" என்று சொல்வது மருத்துவர் கை கழுவுகிற பேச்சு. அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தோம்.

நான் படித்த காலத்தில் கை அறுவை என்றால் தோளில் மரப்பு ஊசி, மேற்கையில் ரத்தம் நிறுத்தும் இறுக்குப் பட்டை. விரல்களில் அட்ரினலின் கலந்த மருந்தைப் போடவே கூடாது, விரல் அழுகிவிடும் என்று மனப்பாடமாகச் சொல்லிக்கொடுத்தார்கள். கனடாவைச் சேர்ந்த டொனால்ட் லலோண்டும் அவருடைய கூட்டாளிகளும் 2005-இல் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் விவரத்தை வெளியிட்டு அந்தப் பயத்தைத் தெளிவித்தார்கள். இப்போது அறுக்கும் இடத்தில் மட்டும் அட்ரினலின் கலந்த லிக்னோகெய்ன் போட்டுவிட்டு அரைமணி நேரம் காத்திருக்கிறோம். ரத்தக்கசிவு அடங்கிவிடும், இறுக்குப் பட்டை வேண்டாம். நோயாளி விழித்திருப்பார். எந்தத் தசை எந்த விரலை அசைக்கிறது என்று அவரையே அசைக்கச் சொல்லிப் பார்த்துக்கொள்ளலாம். இந்த மாதிரித் தசைக் கோளாறுகளுக்கு இதைவிட நல்ல முறை கிடையாது என்பது என் தீர்மானம்.

தோலைத் திறந்து, நரம்பின் மெல்லிய கிளைகளை ஒதுக்கினேன். வெள்ளை வெளேரென்று தசைநாண்கள் மட்டும் ஓட வேண்டிய இடத்தில் கருஞ்சிவப்பாக ஒரு தசை, சுண்டுவிரல் பருமனில். "விரலைத் தூக்குங்க" என்றதும் அது உப்பிக்கொண்டு பட்டையின் விளிம்பில் முட்டியது. அடுத்து ஆள்காட்டி விரலை மட்டும் தனியாகத் தூக்கச் சொன்னேன். தூக்கினார். தூக்கியது இந்தத் தசைதான். ஆள்காட்டி விரலைத் தனியாக நீட்டுவதற்கென்று முழங்கைக்குக் கீழிருந்து வர வேண்டிய எக்ஸ்டென்சர் இண்டிசிஸ் தசைநாணை இரண்டு பக்கமும் தேடினோம். இல்லை.

உபரி என்று நாங்கள் பேர்வைத்த தசை, இல்லாத ஒருவரின் வேலையைப் பிறந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. அந்த ஜப்பானிய ஆய்வு இதை முதல் வகையாகவே பிரித்து வைத்திருக்கிறது. மயக்கம் கொடுத்துப் படுக்கவைத்து, 'கட்டி'யை அடியோடு எடுத்திருந்தால் ஆள்காட்டி விரலின் தனிச் சுதந்திரமும் சேர்ந்து குப்பைத்தொட்டிக்குப் போயிருக்கும். பட்டையின் விளிம்பை மட்டும் சிறிது வெட்டிவிட்டேன். மறுபடி தூக்கச் சொன்னபோது தசை எதிலும் முட்டாமல் ஓடியது. தையல் போட்டோம்.

மேடு அப்படியேதான் இருக்கும் என்று முன்பே சொல்லியிருந்தேன். மாஸ்டருக்கு அதில் கொஞ்சம் வருத்தம். "கல்லாவுல இருக்கிறவரு கட்டி போச்சான்னு கேப்பாரே சார்" என்றார். காயம் ஆறி, பயிற்சி முடிந்து, மாவு பிசையத் திரும்பியபின் வலி இல்லை. கல்லாவில் இருப்பவரிடம் என்ன சொன்னாரோ தெரியாது.

உள்ளங்கைப் பக்கக் கதை வேறு. கட்டைவிரல் நுனியையும் சுண்டுவிரல் நுனியையும் சேர்த்து, மணிக்கட்டை லேசாக உள்ளே மடக்கினால் நடுவில் ஒரு நாண் விடைத்துக்கொண்டு எழும். பால்மாரிஸ் லாங்கஸ். எழவில்லையென்றால் உங்களுக்கு அது இல்லை, அவ்வளவுதான். மேலைநாட்டுப் பாடநூல்கள் நூற்றில் 15 பேருக்கு இல்லை என்கின்றன. சிங்கப்பூரில் சீனர்களைப் பார்த்தபோது நூற்றில் ஐந்து பேருக்கும் குறைவாகத்தான் இல்லாமலிருந்தது. இருந்தாலும் இல்லாவிட்டாலும் பிடியின் பலத்தில் வித்தியாசம் தெரிவதில்லை. எங்களுக்குத்தான் அது தேவை. அறுந்துபோன தசைநாணுக்கு ஒட்டுப்போட முதலில் தேடுவது இதைத்தான். வேலூரில் அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை நிமிர்த்தக் காலிலிருந்து பிளாண்டாரிஸ் என்னும் மெல்லிய நாணை எடுத்துப் பயன்படுத்தினார். அதுவும் எல்லோருக்கும் இருப்பதில்லை. ஒட்டுப்போடும் அறுவைக்கு முன்னால் நோயாளியின் மணிக்கட்டில் பேனாவால் கோடு போட்டு வைத்துக்கொள்வது அதனால்தான். மேசையில் படுக்கவைத்துத் திறந்த பிறகு தேடக் கூடாது.

இதே பால்மாரிஸ் சிலருக்குத் தலைகீழாக அமைந்துவிடும். மேலே தசையும் கீழே நாணும் இருக்க வேண்டியதற்குப் பதில், மேலே நாண், மணிக்கட்டுக்கு அருகில் தசை. தென்காசிப் பக்கத்திலிருந்து வந்த பீடி சுற்றும் அம்மா ஒருவருக்கு அப்படி. இலை வெட்டக் கத்தரியைப் பிடித்த சற்று நேரத்தில் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் மரத்துப்போகும். "நூலு கட்டுறது விரலுக்குத் தெரிய மாட்டேங்குது டாக்டரய்யா, கண்ணால பாத்துத்தான் கட்டுறேன்" என்றார். எல்லோரும் மணிக்கட்டுக் குகையில் நரம்பு நசுங்குகிறது என்றுதான் நினைத்திருந்தார்கள். அப்படியானால் நடுராத்திரியில் கை மரத்து விழிப்பு வந்திருக்க வேண்டும். கையை உதறிவிட்டுப் படுப்பார்கள். இவர் நன்றாகத் தூங்கினார். நரம்பில் மின்னோட்டம் பார்க்கும் சோதனையும் சரியாக இருந்தது, ஏனென்றால் சோதனையின்போது கை சும்மா கிடக்கிறது.

கத்தரியைக் கொண்டுவரச் சொல்லி, என் முன்னால் காகிதத்தை வெட்டச் சொன்னேன். மணிக்கட்டுக்குச் சற்று மேலே, நாண் மட்டும் தெரிய வேண்டிய இடத்தில் மேடு திரண்டது. அதன் அடியில்தான் அந்த மூன்று விரல்களுக்கும் உணர்வு தரும் மீடியன் நரம்பு போகிறது. இந்தத் தசையை எடுப்பதில் யோசனையே வேண்டாம். பால்மாரிஸ் போனால் எந்த விரலுக்கும் குறையில்லை. எடுத்தோம், விரல்களுக்கு உணர்வு திரும்பியது. முன்னவருக்கு விட்டுவைத்ததும் இவருக்கு எடுத்ததும் ஒரே கேள்வியின் இரண்டு விடைகள்: இந்தத் தசை இல்லாவிட்டால் அந்த வேலையை யார் செய்வார்?

கட்டியே இல்லாமல் வரும் கோளாறும் உண்டு. கட்டைவிரல் நுனியை மடக்கி உள்ளங்கை வழியாகச் சுண்டுவிரலின் அடிவரை கொண்டுபோங்கள். ஆள்காட்டி விரலின் நுனியும் தானாக மடங்குகிறதா? மற்ற கையால் அதை நீட்டிப் பிடித்தால் மணிக்கட்டுக்கு மேலே இழுக்கிறதா? அப்படியானால் இரண்டு விரல்களின் நாண்களுக்கும் நடுவே ஒரு பாலம் இருக்கிறது. லின்பர்க், காம்ஸ்டாக் என்ற இருவர் 1979-இல் இதை விவரித்தார்கள். அவர்கள் பார்த்தவர்களில் 31 சதவீதம் பேருக்கு ஒரு கையிலாவது இருந்தது. பத்தில் மூவருக்கு இருப்பதைக் கோளாறு என்று எழுதவே கூச்சமாக இருக்கிறது. இதைப் படிக்கிறவர்களில் பலருக்கு இப்போதுதான் தெரிந்திருக்கும். சிகிச்சை எதுவும் தேவையில்லை. எனக்கு நினைவிலிருக்கும் ஒரே விதிவிலக்கு, மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசித்த ஓர் இளைஞர். கட்டைவிரலை மற்ற விரல்களுக்கு அடியில் நுழைத்துக்கொண்டு, ஆள்காட்டி விரலை நேராக நிறுத்த வேண்டிய இடங்களில் எல்லாம் முன்கை கடுத்தது. அவருக்கும் விழித்த நிலையிலேயே பாலத்தை வெட்டிவிட்டு, மேசையிலேயே விரல்களை ஓட்டிக் காட்டச் சொன்னோம்.

சுண்டுவிரல் பக்கத்தில், மணிக்கட்டில் அல்நார் நரம்பு நுழையும் கையான் கால்வாயில் சுண்டுவிரலை விலக்கும் தசைக்கு ஒரு துணைத்தசை குறுக்கே ஓடலாம். அது நரம்பை அழுத்தினால் சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்து, சுருளவும் தொடங்கும். ஆனால் நம் ஊரில் இந்த அறிகுறியோடு வருகிறவரிடம் அபூர்வத் தசையைத் தேடிப் போகும் முன், உடம்பில் உணர்ச்சியற்ற தேமல் இருக்கிறதா, முழங்கைக்குப் பின்னால் அல்நார் நரம்பு தடித்திருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். தொழுநோய் இன்னும் போய்விடவில்லை. தொடக்கத்தில் கண்டால் மாத்திரையில் குணமாகிறது. பாடநூலின் கடைசிப் பக்கத்தை ஆவலாகப் புரட்டுகிற இளைஞர்களை நான் கடிந்துகொள்வது இந்த ஒரு விஷயத்துக்குத்தான்.

அபூர்வம் என்பதே கொஞ்சம் ஏமாற்று வேலை. முன்கையில் கட்டைவிரலை மடக்கும் தசைக்குத் துணையாக இன்னொரு தலை இருக்கும் என்று கான்ட்சர் என்பவர் 1813-இல் எழுதினார். பின்னால் வந்தவர்கள் எண்ணிப் பார்த்தபோது ஏறத்தாழ பாதிக் கைகளில் அது இருந்தது. அப்படியானால் இருப்பது கோளாறா, இல்லாதது கோளாறா? உடற்கூறியல் படத்தில் இருக்கும் கை, எல்லோருடைய கையையும் கூட்டி வகுத்து வரைந்த கை. அப்படியே ஒரு கையை இத்தனை வருடத்தில் நான் திறந்து பார்த்ததில்லை.

புறங்கையிலோ மணிக்கட்டிலோ மேடு தெரிந்தால் கனமான புத்தகத்தால் ஓங்கி அடிப்பது, நாணயத்தை வைத்து இறுக்கிக் கட்டுவது போன்ற வேலைகள் வேண்டாம். மருத்துவரிடம் போகும்போது என்ன வேலை செய்தால் வலிக்கிறது என்று விவரமாகச் சொல்லுங்கள். முடிந்தால் வேலைக் கருவியையும் கையோடு எடுத்துப்போய், செய்தே காட்டுங்கள். விரல்களை நீட்டவோ மடக்கவோ சொல்லிப் பார்க்காமல் ஊசியைக் கையில் எடுத்தால், "ஒருதடவை அசைச்சுக் காட்டட்டுமா?" என்று நீங்களே கேட்கலாம், தவறில்லை. அசைத்தாலும் அசைக்காவிட்டாலும் ஒரே மாதிரி கெட்டியாக இருந்து, மாதத்துக்கு மாதம் வளர்கிற கட்டி மட்டும் வேறு வகை. அதற்கு எம்.ஆர்.ஐ.யும் தேவைப்பட்டால் திசுப் பரிசோதனையும் உடனே செய்துவிட வேண்டும். தள்ளிப்போடக் கூடாது.